கடவுச்சொல் மீட்பா, அதிகார மீட்பா?

கடவுச்சொல் மறந்துபோனதால் பூட்டுண்ட, யூனிக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் கணினியில் நிர்வாகியின் பிடியைத் திரும்பப் பெறும் செயலுக்குக் ‘கடவுச்சொல் மீட்பு’ என்ற சொல் முன்மொழியப்பட்டுள்ளது. எளிய சொல்தான், ஆயினும் அங்கே நடப்பதை அது தவறாகச் சொல்வதால் அதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

மீட்பு என்றால் இழந்த அதே பொருள் கைக்கு வரவேண்டும். கரந்தை சூடியவர்கள் மீட்டது பகைவர் கவர்ந்து சென்ற அதே ஆநிரையை. வேறொரு நிரையை ஓட்டி வந்திருந்தால் அதனை மீட்டல் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். யூனிக்ஸில் பழைய கடவுச்சொல் எங்கும் உள்ளபடி எழுதிவைக்கப்படுவதில்லை. கடவுச்சொல் விவரங்களுக்கான ‘ஷேடோ’ கோப்பில் இருப்பது ஒருவழிச் சார்பினால் உருமாற்றப்பட்ட எழுத்துச்சரம் மட்டுமே. அதிலிருந்து மூலச்சொல்லைப் பின்னோக்கிக் கணக்கிட வழியில்லை. ஊகித்த சொற்களை ஒவ்வொன்றாக உருமாற்றிப் பொருத்திப் பார்க்கலாம். ஆனால் அது வேறு வேலை.

யூனிக்ஸ் வழிவந்த லினக்ஸ் இயங்குதளத்தில் வழக்கமாகச் செய்வதை எண்ணிப் பாருங்கள். இயங்குதளத்தைத் தொடக்கிவைக்கும் கிரப் நிரலின் பட்டியல் தோன்றும்போது ‘e’ விசையை அழுத்தி, கருனியை (இயங்குதளத்தின் மையநிரலை) ஏற்றும் வரியின் இறுதியில், முதல் நிரலாகக் கட்டளைகளை வாங்கி நிறைவேற்றும் பாஷ் ஷெல்லையே இயக்குமாறு எழுதித் தொடங்குகிறோம். படிக்க மட்டும் இயலும் நிலையில் உள்ள மூலக் கோப்பமைப்பை எழுதவும் இயலுமாறு மறுபடி ஏற்றுகிறோம். அதன் பின்னரே புதிய கடவுச்சொல்லை இடுகிறோம். ஆக, ஷெல் நம் கட்டளைக்குக் காத்து நிற்கும் அந்தக் கணத்திலேயே, கடவுச்சொல்லைத் தொடுவதற்கு முன்பாகவே, நிர்வாகியைக் குறிக்கும் பயனர் எண் 0-க்கு உரிய முழு அதிகாரமும் நம் கையில் இருக்கிறது. மீண்டது அந்த அதிகாரம், கடவுச்சொல்லோ புதிது.

ஆகவே முழுச் செயலுக்கும் ‘நிர்வாகி அதிகார மீட்பு’ என்றும், அதன் இறுதிப் படிக்கு மட்டும் ‘கடவுச்சொல் மாற்றீடு’ என்றும் இரு சொற்களை முன்வைக்கிறேன். ‘மீட்டமை’ என்பதைத் தவிர்ப்பது நல்லது; பழைய நிலைக்குக் கொண்டுவருவதையும் புதிதாய் அமைப்பதையும் அந்த ஒரே சொல்லால் குறித்துக் குறித்து அதன் பொருள் கலங்கிவிட்டது.

பழுதுபார்ப்புக்காகக் கணினியைக் குறைந்த வசதிகளோடு தொடங்கும் ‘ஒற்றைப் பயனர் நிலை’ என்பதையும் அதிகார மீட்புக்கு ஒருபொருட் சொல்லாகக் கொள்ளலாகாது. அந்நிலைக்குள் நுழையும்போதே ரூட் எனப்படும் நிர்வாகிக் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்கும் லினக்ஸ் வழங்கல்கள் (தொகுத்து வெளியிடப்படும் வடிவங்கள்) பல உள்ளன. அதை மறந்தவருக்கு அந்த வாசலும் அடைத்தே கிடக்கும்.

‘உரிமை மீட்பு’ என்றே முதலில் எழுத நினைத்தேன். ஆனால் ஒவ்வொரு கோப்புக்கும் ‘உரிமையாளர்’ ஒருவர் இருப்பதாக முன்பே எழுதி வருகிறோம். உரிமையை மீட்டதாகச் சொன்னால் கோப்பின் உடைமை மாறியதாகப் படிப்பவர் கொள்ளக்கூடும். கோப்பு யாருடையதாயினும் அதைத் திறக்க வல்ல நிலையைத்தான் இங்கே குறிக்க வேண்டியிருப்பதால், ‘அதிகாரம்’ என்பதே பொருந்தும்.