ஹெல்னாரில் கொத்து வாங்கிய கதை

ஐஸ்லாந்து போனவர்கள் எல்லாரும் வட துருவ ஒளியைப் பற்றியே எழுதுகிறீர்கள். நான் ஒரு பறவையிடம் அடி வாங்கியதையும் ஒரு கல்லிடம் தோற்றதையும் சொல்கிறேன்.

ஜூன் கடைசி வாரம். ரெய்க்யவிக்கிலிருந்து வாடகைக் காரில் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். ஸ்நைஃபெல்ஸ்னெஸ் தீபகற்பத்தின் தென்கரையில் ஆர்னர்ஸ்டாபி என்ற ஊர் வந்தது. அங்கிருந்து எரிமலைப் பாறைகளுக்கு நடுவே இரண்டரை கிலோமீட்டர் கடலோரப் பாதையில் நடந்தால் ஹெல்னார். முன்னூறு ஆண்டுகளுக்கு முன்பு ஏறக்குறைய 200 பேர் மீனை நம்பி வாழ்ந்த ஊர். இப்போது சில வீடுகள், ஒரு தேவாலயம், படகுத்துறைக்கு மேலே சின்ன காபிக்கடை. அவ்வளவுதான்.

ஆர்னர்ஸ்டாபியில் காரை விட்டு இறங்கி பத்தடி வைத்திருக்க மாட்டேன், தலைக்கு மேலே ‘கிர்ர்ரீ’ என்று ஒரு சத்தம். அடுத்த நொடி உச்சந்தலையில் ஊசி குத்தியது போலிருந்தது. தொட்டுப் பார்த்தால் ரத்தம். ஆர்க்டிக் ஆலா! ஊர்க்காரர்கள் ‘க்ரீயா’ என்கிறார்கள். அது போடும் சத்தமே பேராகிவிட்டது. அண்டார்டிகா பக்கத்திலிருந்து பறந்து வந்து புல்லில் முட்டை வைத்திருக்கிறது, நான் அதன் வீட்டு வாசலில் நிற்கிறேன். கோபம் நியாயம்தான். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற ஒரு பாட்டி சிரித்துக்கொண்டே ஒரு குச்சியை நீட்டினார். அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்க வேண்டுமாம். இருப்பதிலேயே உயரமான இடத்தைத்தான் அது கொத்தும். அப்புறம் ஹெல்னார் போய்ச் சேரும்வரை குடையில்லாத குடைக்காரன் மாதிரி நடந்தேன்.

காபிக்கடையில் மீன் சூப் குடித்துக்கொண்டே பேச்சுக் கொடுத்தபோதுதான் ‘துர்ராபூத்’ என்ற சொல் கிடைத்தது, அந்தக் காலத்து ஏழை மீனவர் வீட்டுக்கான பேர். நேர்ப்பொருள் ‘உலர்ந்த குடிசை’. நிலம் கிடையாது, மாடு கிடையாது, அதனால் பாலும் கிடையாது, அதுதான் ‘உலர்ந்த’. அந்த வீட்டில் கடல் கொடுத்தால்தான் அடுப்பு எரியும். அழகான ஊர் என்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தவன் கொஞ்ச நேரம் கேமராவை மூடி வைத்துவிட்டேன்.

சரி, கல் விஷயத்துக்கு வருகிறேன். மேற்கே கொஞ்ச தூரம் போனால் கூழாங்கல் கரை ஒன்று, தியூபாலோன்சாந்தூர். பக்கத்து டிரிட்விக்கில் ஒரு காலத்தில் வசந்தகால மீன்பிடிப்புக்கு நூற்றுக்கணக்கானவர்கள் துடுப்புப் படகுகளோடு வந்து தங்குவார்கள். கரையில் நான்கு உருண்டைக் கற்கள் கிடக்கின்றன: 154, 100, 54, 23 கிலோ. பேர்கள் முறையே முழு பலசாலி, அரை பலசாலி, அரைப் பங்குக்காரன், உதவாக்கரை என்கிற மாதிரி அர்த்தம் தரும். இடுப்பளவு திட்டின் மேல் தூக்கி வைக்க வேண்டும். 54 கிலோவைக்கூட வைக்க முடியாதவனைப் படகில் ஏற்ற மாட்டார்கள். இளவட்டக்கல் என்றால் நமக்குக் கல்யாணம் ஞாபகம் வரும். இங்கே பிழைப்பே அதில்தான்.

என் நிலைமை? 23 தூக்கினேன். 54 முழங்கால்வரை வந்தது, அப்புறம் அதுவே முடிவெடுத்துக் கீழே போய்விட்டது.

அதே கரையில் துருப்பிடித்த இரும்புத் துண்டுகள் சிதறிக் கிடக்கின்றன. 1948 மார்ச்சில் மோதி உடைந்த பிரிட்டிஷ் மீன்பிடிக் கப்பல் எபைன். 14 பேர் இறந்தார்கள், 5 பேரைக் காப்பாற்றினார்கள். எடுக்காதீர்கள் என்று பலகை வைத்திருக்கிறார்கள். எடுக்கத் தோன்றவும் இல்லை.

பதில் 1

நீங்களாவது ஜூனில் போனீர்கள். நான் பிப்ரவரியில். ஆலா இல்லை, காற்று இருந்தது. ஹெல்னாரில் காற்று வீசும் பக்கம் பார்க்காமல் கார்க் கதவைத் திறந்தேன். கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய் முன்பக்கத் தகரத்தில் மோதியது. காற்றால் கதவு போனால் காப்பீடு இல்லை என்று வாடகைக்காரர்கள் ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் போட்டிருந்தார்களாம். கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் திறங்கள். அன்று தீபகற்பத்தின் 1446 மீட்டர் பனிமலை ஸ்நைஃபெல்ஸ்யோகுல் ஒரு நிமிடம்கூடத் தெரியவில்லை. கடல் குகை வாயில் அலை அடிக்கும் சத்தம் மட்டும் இன்னும் காதில் இருக்கிறது.

பதில் 2

ஹெல்னாருக்குப் பக்கத்திலேயே லாகர்பிரெக்காவில் ஒரு சின்னச் சிலை இருக்குமே, பார்க்கவில்லையா? குத்ரித், அங்கே பிறந்தவள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு கடல் தாண்டி வட அமெரிக்கா போய் அங்கே பிள்ளை பெற்றவள். படகின் முனையில் குழந்தையைத் தோளில் வைத்து நிற்கிறாள். நான் போனபோது வேறு யாருமே இல்லை.

அது இருக்கட்டும், அண்ணியும் உங்களோடு வந்தார்களே. அவர்கள் கல்லைத் தூக்கிப் பார்த்தார்களா?

முதலில் எழுதியவர்

சிலையைத் தவறவிட்டுவிட்டேன். உங்கள் அண்ணி, அதாவது என் மனைவி, 54-ஐத் திட்டின் மேல் வைத்துவிட்டாள். அதை வேண்டுமென்றுதான் எழுதாமல் விட்டேன்.