நில்லும் நல்லும்: லிஸ்பிலிருந்து தரவுத்தளத்தோடு பேசிய அனுபவங்கள்

அடைப்புக்குறி எழுதியது:

மூன்று வாரமாக யாருக்கும் நினைவூட்டல் மின்னஞ்சல் போகவில்லை. போகவில்லை என்று ஒருவரும் புகார் சொல்லவில்லை. புத்தகத்தை வாங்கிப்போய்த் திருப்பித் தராதவர், “என்னை ஏன் இன்னும் கேட்கவில்லை?” என்று எழுதுவாரா என்ன?

வாசகர் வட்டம் ஒன்றின் இரவல் கணக்கைப் பார்த்துக்கொள்ளும் சின்ன நிரல் அது. காமன் லிஸ்ப் என்ற நிரல்மொழியில் நான் எழுதியது. முதலில் எஸ்க்யூலைட் என்ற சின்னத் தரவுத்தளத்தோடு ஓடிக்கொண்டிருந்தது. கணக்கு பெருகியதும் போஸ்ட்கிரெஸ் என்ற பெரிய தரவுத்தளத்துக்கு மாறினேன். டிரைவராக, அதாவது நிரலுக்கும் தரவுத்தளத்துக்கும் நடுவே பேசும் நூலகமாக, போஸ்ட்மாடர்னை எடுத்துக்கொண்டேன். அட்டவணைகளை மாற்றி, தரவுத்தளத்திடம் கேட்கும் வினவல்களைத் திருத்தி, எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்தேன். ஒரு பிழைகூட வரவில்லை. அன்றைக்கே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

கோளாறு, ‘இப்படி இருந்தால் இதைச் செய்’ என்னும் ஒரே ஒரு ‘இஃப்’ வரியில் இருந்தது. திரும்பிய தேதி இருந்தால் புத்தகம் வந்துவிட்டது, இல்லாவிட்டால் நினைவூட்டு. பழைய டிரைவர், வெறுமையான தேதிக்கு ‘நில்’ என்று கொடுத்துக்கொண்டிருந்தது. லிஸ்பில் நில் என்றால் பொய், ஆகவே நினைவூட்டல் போனது. புதிய டிரைவரோ ‘நல்’ என்ற குறிச்சொல்லைக் கொடுக்கிறது. நில் அல்லாத எதுவும் லிஸ்புக்கு மெய்தான். ஆகவே எல்லாப் புத்தகங்களும் அலமாரிக்குத் திரும்பிவிட்டதாக என் நிரல் மூன்று வாரம் நிம்மதியாக நம்பிக்கொண்டிருந்தது. தமிழில் எழுதிப் பார்த்தால் இரண்டுக்கும் ஓர் இகரம்தான் வித்தியாசம். அதிலும் ‘நில்’ என்றபோது ஓடியது, ‘நல்’ என்றபோது நின்றுவிட்டது.

முதலில் டிரைவரைத்தான் திட்டினேன். யோசித்தபோது அதன் பக்கம் நியாயம் இருப்பது தெரிந்தது. லிஸ்பில் பொய்யும் வெற்றுப் பட்டியலும் ஒரே நில்தான். தரவுத்தளத்தில் ‘பொய்’ வேறு, ‘மதிப்பே இல்லை’ வேறு. மெய், பொய் இரண்டை மட்டும் ஏற்கும் பூலியன் வகையில் பொய் வந்தால் போஸ்ட்மாடர்ன் நில் தருகிறது. ஒரே ஒரு மதிப்பைக் கேட்டு, பொருந்தும் வரிசை எதுவும் இல்லாவிட்டாலும் நில்தான். இந்தக் கூட்டத்தில் வெறுமையையும் தள்ளிவிட்டால் மூன்றையும் பிரித்தறிய வழியே இருக்காது. இப்போது வெறுமையைத் தேடும் வேலையை வினவலிடமே விட்டுவிட்டேன். தேதி இல்லாத வரிசைகளை மட்டும் கேட்டு வாங்குகிறேன். லிஸ்ப் பக்கத்தில் ‘இஃப்’ கிடையாது.

உங்களை டிரைவர் எங்கே கவிழ்த்தது? எழுதுங்கள்.

தற்குறி எழுதியது:

என்னைக் கவிழ்க்கவில்லை, கொஞ்சம் கூச வைத்தது. பொதி ஒன்றின் எடை 12.35 கிலோ. அச்சிட்ட சீட்டில் 247/20 கிலோ என்று வந்தது. தசமங்களைத் துல்லியமாக வைத்திருக்கும் ‘நியூமெரிக்’ வகை எண்ணை டிரைவர் பின்னமாக மாற்றித் தருகிறது. லிஸ்பும் அதைச் சுருக்கி அழகாக அச்சிட்டுவிட்டது. விடை அணுவளவும் பிசகாமல் சரி. அதனால் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை. கணக்கு முழுவதையும் பின்னமாகவே நடத்தி, அச்சிடும் இடத்தில் மட்டும் தசமமாக்கினால் போதும்.

வால்நட்சத்திரம் எழுதியது:

என் கதை, ஒரு நிரலுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் இழைகளைப் பற்றியது. ஊடாட்ட முனையத்தில் உட்கார்ந்து ‘கனெக்ட்-டாப்லெவல்’ என்று ஓர் இணைப்பைத் திறந்தேன். ஹன்சென்டூட் வலைச் சேவையகத்தைக் கிளப்பி, உலாவியில் பக்கங்களைத் திறந்து பார்த்தேன். எல்லாம் வேலை செய்தது. நண்பரையும் பார்க்கச் சொன்னேன். இருவரும் ஒரே நேரத்தில் சொடுக்கியதும், “இந்த இணைப்பு இன்னும் வேறொரு வினவலைக் கவனித்துக்கொண்டிருக்கிறது” என்ற பொருளில் பிழை வந்தது.

காரணம் எளிது, ஆனால் பிடிபட ஒரு மாலை முழுவதும் போயிற்று. போஸ்ட்மாடர்ன் இணைப்பை ஒரு சிறப்பு மாறியில் வைத்திருக்கிறது. டாப்லெவலில் திறந்தால் அந்த மாறியின் பொது மதிப்பே அந்த இணைப்பாகிவிடும். எல்லா இழைகளுக்கும் அதுவேதான் தெரியும். ஹன்சென்டூட் தன்னிடம் வரும் ஒவ்வொரு வலை இணைப்புக்கும் ஓர் இழையைக் கிளப்புகிறது. ஒரே குழாயில் இரண்டு பேர் வாய் வைத்து உறிஞ்சிய கதை.

சரி, ‘வித்-கனெக்‌ஷன்’ போட்டு வெளியே சுற்றிவிடலாம் என்று சேவையகத்தைக் கிளப்பும் வரியை அதற்குள் வைத்தேன். இப்போது இணைப்பே இல்லை என்றது! அது உள்ளுக்குள் ‘லெட்’ போட்டுத்தான் இணைப்பை வைக்கிறது. சிறப்பு மாறிக்கு ‘லெட்’ கொடுக்கும் மதிப்பு அந்த இழைக்கு மட்டும்தான்; புதிதாகப் பிறக்கும் இழை பொது மதிப்பைத்தான் பார்க்கும். பாடப் புத்தகத்தில் இதைப் படித்திருந்தேன், தலையை ஆட்டியும் இருந்தேன். கடைசியில் ‘வித்-கனெக்‌ஷன்’ ஒவ்வொரு கோரிக்கையைக் கையாளும் செயற்கூற்றுக்குள் போயிற்று. ஒவ்வொரு முறையும் புதிதாகக் கைகுலுக்க வேண்டாம் என்று, திறந்த இணைப்புகளை வைத்திருந்து மறுபடி தரும் ‘பூல்ட்-பி’ தேர்வைச் சேர்த்தேன். ஒரு எச்சரிக்கை: போஸ்ட்கிரெஸ் இயல்பாக 100 இணைப்புகளைத்தான் அனுமதிக்கும். இழைகளை அளவில்லாமல் திறந்துவிட்டால் அந்தச் சுவரில் போய் முட்டுவீர்கள்.

பழையபெட்டி எழுதியது:

எஸ்பிசிஎல் என்ற காமன் லிஸ்ப் வடிவத்தில், ஓடும் நிரலை அப்படியே ஒரு கோப்பாக, அதாவது உருவமாகச் சேமிக்கும் செயற்கூற்றின் பெயரே ‘சேமித்து மடி’ என்றுதான் பொருள் தரும். நான் அதைக் கவனமாகப் படிக்கவில்லை. தரவுத்தள இணைப்பைப் பொது மாறியில் வைத்துக்கொண்டே சேமித்தேன். மறுநாள் உருவத்தைக் கிளப்பினால் இணைப்புப் பொருள் மாறியில் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது. அச்சிட்டால் தெரிகிறது. அதன் வகையைக் கேட்டால் சொல்கிறது. ஆனால் அதற்குப் பின்னால் பிணையத்தோடு பேசிக்கொண்டிருந்த சாக்கெட் பழைய செயல்முறையோடு போய்விட்டது. முதல் வினவலிலேயே விழுந்தது. இப்போது சேமிக்கும் முன் இணைப்பை மூடிவிட்டு, தொடக்கச் செயற்கூற்றில் திறக்கிறேன். பின்னணி இழை ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால் எஸ்பிசிஎல் சேமிக்கவே மறுத்துவிடும். அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடித்திருக்கிறது. திறந்த இணைப்புக்கும் அப்படி மறுத்திருக்கலாம்.

மூன்றாம்சுழி எழுதியது:

எங்களுடையது கடவுச்சொல் விவகாரம். சேவையகத்தை போஸ்ட்கிரெஸ் 14க்கு உயர்த்தினோம். அந்த வேகத்திலேயே கடவுச்சொல்லையும் மாற்றினோம். முனையத்திலிருந்து, போஸ்ட்கிரெஸோடு வரும் பிஎஸ்க்யூஎல் நிரல் உள்ளே போகிறது. அதே கடவுச்சொல்லோடு லிஸ்ப் நிரல் போனால் வாசலிலேயே நிற்கிறது. கடவுச்சொல்லில் இருந்த சிறப்புக் குறிகளைச் சந்தேகித்து மூன்று முறை மாற்றினோம். வீண்.

பிணையத்தில் போன பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. சேவையகம் முதலில் ஓர் எண் மூலம் எந்த முறையில் அடையாளம் காட்ட வேண்டும் என்று சொல்கிறது. 5 என்றால் எம்டி5 என்ற பழைய முறை. எங்களுக்கு வந்தது 10. அது ஸ்க்ராம் என்ற புதிய முறையின் வகையறா. 2017இல் வந்த பதிப்பு 10இலேயே அது இருந்தது. 2021இல் வந்த 14இல் புதிய கடவுச்சொற்களுக்கு அதுவே இயல்பானது. போஸ்ட்மாடர்னின் அடித்தளமான சிஎல்-போஸ்ட்கிரெஸ், சி மொழி நூலகத்தைத் துணைக்கு அழைக்காமல் நெறிமுறையை லிஸ்பிலேயே பேசுகிறது. நிறுவுவது சுலபம், ஆனால் புதிய முறை எதுவானாலும் அதுவே கற்றுக்கொள்ள வேண்டும். கற்றுக்கொண்டும் இருந்தது. ஆண்டுக்கணக்கில், லிஸ்ப் நூலகங்களைக் கொண்டுவந்து தரும் குவிக்லிஸ்ப் தொகுப்பைப் புதுப்பிக்காமல் உறைய வைத்திருந்தது நாங்கள்தான்.

அடைப்புக்குறி எழுதியது:

மூன்றாம்சுழி, பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்கும் பொறுமைக்கு வணக்கம். நானாக இருந்தால் நான்காவது கடவுச்சொல்லுக்குப் போயிருப்பேன்.

பழையபெட்டி சொன்ன செத்த சாக்கெட்டுக்கு ஒரு சொல்: முனையத்தில் வேலை செய்யும்போது தரவுத்தளம் இடையில் நின்றுபோனால், பிழைதிருத்தி ‘மீண்டும் இணை’ என்றொரு தேர்வைக் காட்டும். நேற்று அதை அழுத்தினேன். வினவல் மறுபடி போய், நிரல் விட்ட இடத்திலிருந்து ஓடியது. வேறு மொழிகளில் இந்த வசதியில்லாமல் எப்படி வாழ்ந்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

இந்தப் பேச்சுக்குப் பிறகு என் நிரல் முழுவதையும் தேடினேன். தரவுத்தள மதிப்பை நேரே ‘இஃப்’புக்குக் கொடுத்த இடங்கள் இன்னும் பதினொன்று. ஒன்பதில் ஆபத்தில்லை; வெறுமையை ஏற்காத நெடுவரிசைகள். பத்தாவது, ஒரு தலைப்பைத் தவறாக அச்சிடுகிறது. பதினொன்றாவது, விலகிய தேதி இருந்தால் உறுப்பினரை நீக்குகிறது. மாதக் கடைசியில் ஓடும் நிரல் அது. இன்று தேதி இருபத்தெட்டு.