மூன்றாவது தடவைதான் இஃப் கோட்டையில் கால் வைத்தேன்

ஒரு சொகுசுக் கப்பலில் சலவைப் பிரிவில் வேலை பார்த்தபோது கோடை முழுக்க வாரத்துக்கு ஒரு நாள் பிரான்ஸின் மார்செய் துறைமுகத்தில் நிற்போம். டியூட்டியை மாற்றிக்கொண்டால் நாலைந்து மணி நேரம் வெளியே போய் வரலாம். பெரிய கப்பல்கள் நிற்பது ஊருக்கு வடக்கே தள்ளி. பஸ் பிடித்துப் பழைய துறைமுகத்துக்கு வந்தால், அங்கிருந்து படகில் 20 நிமிடத்தில் இஃப் தீவுக் கோட்டை.

முதல் தடவை காற்று கெடுத்தது. மிஸ்ட்ரால் என்று அந்தப் பக்கத்து வடகாற்று ஒன்று உண்டு. வானம் பளிச்சென்று நீலமாக இருக்கும், மழை வாசனையே இருக்காது, ஆனால் தீவில் படகை அணைக்க முடியாது. டிக்கெட் எடுக்கும் இடத்தில் கையை விரித்துவிட்டார்கள். அடுத்த தடவை வரிசை நீளம். நேரத்தைக் கணக்குப் பார்த்துத் திரும்பிவிட்டேன். கப்பலைத் தவறவிட்டால் பயணிக்குப் பணம்தான் போகும், எனக்கு வேலையே போய்விடும்.

மூன்றாவது தடவை சமையல்கட்டில் வேலை பார்க்கும் கோவாக்கார நண்பர் கூட வந்தார்.

1524இல் முதலாம் பிரான்சுவா அரசர் கட்டத் தொடங்கிய கோட்டை. துறைமுகத்தைக் காக்கக் கட்டியது, அப்புறம் சிறையாகிவிட்டது. கீழே இருக்கும் அறைகளில் நுழைந்ததும் கண் இருட்டுக்குப் பழகச் சற்று நேரம் பிடித்தது. மாடி அறைகளில் ஜன்னல் இருக்கிறது, குளிர்காய அடுப்பு மாடம்கூட இருக்கிறது. காசு கொடுக்க முடிந்த கைதிக்கு மேலே, இல்லாதவனுக்குக் கீழே. தகப்பனே பிடித்துக் கொடுத்து 1774இல் உள்ளே வந்த மிராபோ போன்ற பிரபுக்கள் ஒரு ரகம். புராட்டஸ்டன்ட் மதத்தைக் கைவிட மறுத்த ஏழைகள் இன்னொரு ரகம். “அட, நம்ம கப்பல்தான்!” என்றார் நண்பர். நாங்கள் இருவரும் தூங்குவது தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, ஜன்னலில்லாத கேபினில்.

அவர் வந்ததே ஒரே ஓர் அறையைப் பார்க்கத்தான். இந்தக் கோட்டைச் சிறையும் வரும் மான்டி கிறிஸ்டோ நாவலில், சுவரைக் குடைந்து பக்கத்து அறைக்கு வழி தோண்டும் ஃபாரியா பாதிரியாரின் அறை. கற்பனைக் கைதிக்கு நிஜ அறை, சுவரில் ஓட்டை வரை செய்து வைத்திருக்கிறார்கள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் நிஜ மனிதர். 1756இல் கோவாவில் கண்டோலிமில் பிறந்து, பாரிஸ் போய் ஹிப்னாடிசம் செய்து காட்டியவர். பணஜியில் அவருக்குச் சிலை இருக்கிறது. நண்பர் அந்த ஓட்டைக்குப் பக்கத்தில் நின்று நாலு போட்டோ எடுக்கச் சொன்னார், முகம் இருட்டாக விழுந்தது என்று மறுபடி நாலு.

கோட்டைக்கு முன்பே கோவாவிலிருந்து இன்னொரு விருந்தாளி இந்தத் தீவுக்கு வந்திருக்கிறது: ஒரு காண்டாமிருகம். குஜராத் சுல்தான் போர்த்துகீசியருக்குக் கொடுத்தது. 1515இல் கோவாவிலிருந்து கப்பலேறி லிஸ்பன் போய், அங்கிருந்து போப்பாண்டவருக்குப் பரிசாகப் போகும் வழியில் 1516இல் இங்கே இறக்கியிருக்கிறார்கள். பிரான்சுவா அரசரே வந்து பார்த்தாராம். பாவம், ரோம் போய்ச் சேரவில்லை. இத்தாலிக் கரையோரம் கப்பல் மூழ்கிச் சங்கிலியோடு செத்தது.

திரும்பும் படகில் இதைச் சொன்னேன். நண்பர் வெகுநேரம் யோசித்துவிட்டுக் கேட்டார்: “கோவாவிலிருந்து லிஸ்பன் வரைக்கும் அதுக்கு யார் சமைச்சுப் போட்டிருப்பாங்க?”