பிள்ளைக்குப் படிக்கக் கொடுத்த புத்தகம் திருப்பி அடித்த அனுபவம் உண்டா?

தகரப்பெட்டி:
குறும்புக்கார ஜப்பானியச் சிறுமி ஒருத்தியின் கதையான டோட்டோ-சான் படித்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. மரம் ஏறும் அத்தியாயத்தில் சிரித்தவர்கள் எல்லாரும் அதற்குப் பின்னால் வருவதையும் தாண்டித்தான் வந்திருப்பீர்கள். நான் சறுக்கியது அங்கேதான்.

தங்கச்சிமடம் பக்கம் மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு தகரப்பெட்டி நிறையப் புத்தகம், யார் எடுத்தார்கள் என்று எழுத ஒரு நோட்டு, அவ்வளவுதான் நூலகம். ஏழாவது படிக்கும் ஒருத்தி, வாய் ஓயாது. ரயில் பெட்டிக்குள் பள்ளிக்கூடம் நடக்கும் நாவல் என்றதும் பிடுங்கிக்கொண்டு போனாள். குறும்புக்காரிக்குக் குறும்புக்காரி கதை, சரியான ஜோடி என்று நினைத்தேன். டோட்டோவின் தோழன், போலியோ வந்த யாசுவாகி செத்துப்போவதை நான் மறந்தே போயிருந்தேன். படித்துப் பல வருஷம் ஆகிறது.

நாலாம் நாள் வந்தாள். கையில் புத்தகம் இல்லை. "அந்தப் பையன் படிக்கக் குடுத்த புக்கை அவ இனிமே திருப்பிக் குடுக்கவே முடியாதுல்ல மிஸ்?" சாவதற்கு முன்னால் அவன் இரவல் தந்த 'அங்கிள் டாம்ஸ் கேபி'னைச் சொல்கிறாள். முடியாதுதான் என்றேன். பாவாடை ஓரத்து நூலைப் பிரித்துக்கொண்டே இருந்தாள். அப்புறம், "எங்க சித்தப்பா டார்ச்சும் எங்க வீட்டுலதான் இருக்கு."

சித்தப்பா கடலுக்குப் போய்த் திரும்பாதவர். முதல்நாள் ராத்திரி கரண்ட் இல்லையென்று அவரிடம் டார்ச் வாங்கியிருக்கிறார்கள். சுற்றிலும் மற்ற பிள்ளைகள் வாய்ப்பாடு கத்திக்கொண்டிருந்தார்கள். நான் ஒன்றுமே சொல்லவில்லை. மூன்று மாதமாகிறது, புத்தகம் வரவில்லை. கேட்க எனக்கும் வாய் வரவில்லை.

கீழக்கரை உம்மா:
எனக்கு 'ஆயிஷா'. இரா. நடராசன் எழுதியது. ஒரே மூச்சில் முடிந்துவிடும் குறுநாவல். கேள்வி கேட்டே அடி வாங்கும் பிள்ளை, அடி வலிக்காமல் இருக்கத் தனக்கே மருந்தை ஊசி போட்டுக்கொண்டு செத்துப்போகும். பாடத்தில் இல்லாத ஒன்றைக் கேட்டதற்காக என் மகளை வகுப்புக்கு வெளியே நிறுத்தியிருந்தார்கள். எந்தப் பள்ளி என்பதை விடுங்கள். அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் கொடுத்தேன்.

ராத்திரியோடு முடித்துவிட்டாள். அழவில்லை. மறுநாள் அடுப்பங்கரைக் கதவுக்குப் பின்னால் பென்சில் கோடுகள். சாயங்காலத்துக்குள் பதினொன்று. என்னடி இது என்றேன். "இன்னைக்கு நீங்க எத்தனை தடவை 'சும்மா இரு'ன்னு சொன்னீங்கன்னு எண்ணினேன் உம்மா."

பள்ளிக்கூடத்து டீச்சர் மேல் கோபப்படுவாள் என்று கொடுத்த புத்தகம்! கதவுக்கு இரண்டு தடவை பெயிண்ட் அடித்தாயிற்று. அந்த இடத்தை மட்டும் அடிக்கவிடாமல் வைத்திருக்கிறாள்.

வல்லத்துக்காரன்:
அழுகாச்சிப் புத்தகத்தை எதற்குக் கொடுக்கிறீர்கள் என்று கேட்க வந்தேன். நானும் அதைத்தான் செய்திருக்கிறேன் என்பது பாதி டைப் அடிக்கும்போதுதான் உறைத்தது.

பாம்பன், நாட்டுப்படகு. மீன்பிடித் தடைக்காலம் விசைப்படகுக்குத்தான் என்றாலும் அந்தச் சமயம் எங்கள் எஞ்சினும் வேலைக்குக் கிடந்தது. பையன் எட்டாவது. ஹெமிங்வேயின் கிழவனும் கடலும் கதையைத் தமிழில் யாரோ கொடுத்தார்கள். ராத்திரி அவன் வாசிக்க நான் கேட்பேன். மார்லின் என்றால் என்ன மீன் என்றான். நம்ம மயில்மீனுக்குச் சொந்தக்காரன், மூக்கு நீண்டிருக்கும் என்றேன். கயிறு கையை அறுக்கும் இடத்தில் என் உள்ளங்கையை இழுத்துப் பார்த்தான். கிழவன் 84 நாள் மீனில்லாமல் வந்தான் என்றதும் எனக்குச் சிரிப்பு. தடைக்காலமே 61 நாள், அதற்கே வட்டிக்காரன் வாசலில் உட்கார்ந்துவிடுவான்.

பையன் சிரிக்கவில்லை. 40 நாள் ஆனதும் அந்தச் சின்னப் பையனை அவன் அப்பா அம்மா வேறு படகுக்கு அனுப்பிவிடுவார்களே, அந்தப் பக்கத்திலேயே நின்றுவிட்டான். "நீ 40 நாள் சும்மா வந்தா நானும் வேற படகுக்குப் போகணுமாப்பா?"

"நீ எந்தப் படகுக்கும் போக வேண்டாம், படி" என்றேன். நல்ல பதில் என்றுதான் நினைத்தேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அவனுக்குக் கடலுக்கு வரத்தான் ஆசை என்று அவன் அம்மாதான் அப்புறம் சொன்னாள்.

ஓய்வுபெற்றவன், ராமநாதபுரம்:
முதலில் ஒரு திருத்தம். டோட்டோ-சான் நாவல் அல்ல, டெட்சுகோ குரோயாநாகி தன் பள்ளி நாட்களைப் பற்றி எழுதிய நினைவுக் குறிப்பு. ஜப்பானில் வெளிவந்தது 1981இல். அந்தப் பள்ளி 1945இல் குண்டுவீச்சில் எரிந்ததுகூட உண்மையில் நடந்ததுதான். நாவல் என்று சொல்லிக் கொடுத்தால், "கதைதானே" என்று பிள்ளையைத் தேற்றப் பார்ப்பீர்கள். அது எடுபடாது.

இரண்டாவது, கொடுப்பதற்கு முந்தின வாரம் நீங்கள் திரும்ப ஒருமுறை படியுங்கள். நமக்கு ஞாபகத்தில் நிற்பது நாம் சிரித்த இடம். பிள்ளை நிற்கப்போவது வேறு இடத்தில்.

மூன்றாவது, கடற்கரை என்பதாலேயே கடல் நாவல்தான் கொடுக்க வேண்டும் என்றில்லை. தகழியின் 'செம்மீ'னை சுந்தர ராமசாமி அருமையாகத் தமிழில் தந்திருக்கிறார், சரி. ஆனால் கரையில் மனைவி தவறினால் கடலில் புருஷன் திரும்ப மாட்டான் என்ற நம்பிக்கைதான் அதன் முதுகெலும்பு. ஆளைக் கடலுக்குக் கொடுத்த வீட்டுப் பெண்பிள்ளையிடம் அதை நீட்டுவதற்கு முன் நூறு தடவை யோசியுங்கள். வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' பத்தாவதுக்கு மேல் தாங்கும். பெருமாள்முருகனின் 'பூனாச்சி' ஆட்டுக்குட்டிக் கதைதானே என்று நான்காவது படிக்கும் பிள்ளைக்கு வாங்குகிறார்கள். வேண்டாம், எட்டாவது தாண்டட்டும். பத்து பதினொரு வயதுக்கு யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்'. 2020இல் பால சாகித்திய புரஸ்கார் பெற்றது. தப்பான தொடுதலைப் பற்றி ஒரு பொம்மை பேசும். வீட்டில் நாம் பேசத் தயங்குவதை அது பேசிவிடும்.

நான்காவது, படித்து முடித்ததும் "என்ன தெரிஞ்சுகிட்டே?" என்று கேட்காதீர்கள். என் அனுபவம் அதுதான். என் பேத்தியிடம் கேட்டேன். "ஒன்னும் தெரிஞ்சுக்கல தாத்தா" என்று சொல்லிவிட்டுப் போனவள், அதற்குப் பிறகு என்னிடம் புத்தகமே வாங்கியதில்லை.

முகாம் வாசி:
ஐயா, நாவலா இல்லையா என்பது எனக்கும் ஒரு காலத்தில் பெரிய விஷயமாக இருந்தது. நான் வளர்ந்தது மண்டபம் இலங்கை அகதிகள் முகாமில். பன்னிரண்டு வயதில், வந்து போகும் ஒரு அக்கா, நாஜிகளுக்குப் பயந்து ஒளிந்து வாழ்ந்த யூதச் சிறுமி ஆன் ஃபிராங்கின் டைரியைத் தந்து, "உன்ன மாதிரியே ஒரு பொண்ணு" என்றார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. என்ன மாதிரி என்றால் எந்த மாதிரி? ஒளிந்திருக்கிற மாதிரியா? பிடிக்காமல்தான் படிக்க ஆரம்பித்தேன்.

பதின்மூன்றாவது பிறந்தநாளுக்கு அவளுக்கு அந்த நோட்டு கிடைக்கும், 1942இல். என் பதின்மூன்றுக்கு நானும் ஒரு நோட்டு கேட்டு வாங்கினேன். கோடு போட்ட நோட்டுதான் கிடைத்தது.

அம்மாவுக்குப் பார்வை குறைவு. கறி வெட்டிக்கொண்டே கேட்பா, நான் வாசிப்பேன். ஒளிந்திருந்த வீட்டில் சத்தம் போடாமல் நடப்பார்கள் என்ற இடம் வந்தால் அம்மாவின் கத்தியும் நின்றுவிடும். டைரி சட்டென்று முடிந்துவிடுமே, அதற்குப் பின்னால் நடந்தது முன்னுரையில்தான் இருந்தது. அதை நான் மட்டும் படித்திருந்தேன். அம்மா கேட்டா, "அந்தப் பிள்ளை கடைசியில தப்பினதோ?"

"ஓம்" என்றேன்.

அம்மா இப்போது இல்லை. அந்த முன்னுரையை அவவுக்கு நான் வாசிக்கவே இல்லை.

கீழக்கரை உம்மா:
பெரியவருக்கு: "என்ன தெரிஞ்சுகிட்டே" என்று நானும் கேட்டேன். அதுதான் பன்னிரண்டாவது கோடு.

தகரப்பெட்டி:
எல்லாருக்கும் நன்றி. நேற்று அவள் வந்தாள். டோட்டோ-சானைக் கொண்டுவரவில்லை, வேறு ஒன்று வேண்டும் என்றாள். ஒன்றைத் திருப்பினால்தான் அடுத்தது என்பது பெட்டியின் சட்டம். பின்னால் நின்ற பையன்கள் என்னையே பார்த்தார்கள். நோட்டில் அவள் பெயருக்கு நேரே இரண்டாவது வரியும் எழுதினேன். ஒரு பையன், "அப்ப எனக்கும் ரெண்டு மிஸ்" என்றான். கொடுக்க வேண்டியதாயிற்று.

வல்லத்துக்காரன்:
மிஸ், ஒன்று சொல்ல விட்டுப்போச்சு. அந்த டார்ச்சை அப்படியே எடுத்து வைத்திருப்பார்கள். உள்ளே இருக்கும் பேட்டரியைக் கழற்றி வைக்கச் சொல்லுங்கள். உப்புக்காத்துக்கு ஒழுகி டார்ச்சையே தின்றுவிடும்.