ஐஸ்லாந்து ஸ்வெட்டரின் தோள் கோலம் சுருங்குகிறது, வழி சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம். ரெய்க்யாவிக்கில் இது எங்களுக்கு முதல் குளிர்காலம். மகனுக்காக லோபபெய்சா என்னும் ஐஸ்லாந்து ஸ்வெட்டரைப் பின்னிக்கொண்டிருக்கிறேன். லெட்லோபி என்னும் ஐஸ்லாந்து ஆட்டு ரோம நூல், 4.5 மி.மீ. வட்ட ஊசி. உடலும் இரண்டு கைகளும் தையலே இல்லாமல் குழாய் போல அழகாக வந்துவிட்டன. மூன்றையும் ஒரே ஊசியில் சேர்த்து, கழுத்தைச் சுற்றி வரும் கோலத்தைத் தொடங்கிய பிறகுதான் சிக்கல்.

வெள்ளையும் கரும்பழுப்புமாக இரண்டு நூல்கள். ஏழெட்டுக் கண்ணிகள் தொடர்ந்து ஒரே நிறத்தில் வரும் இடத்தில் மற்ற நூல் உள்பக்கமாக நீண்டு ஓடி இறுகிவிடுகிறது. வெளியே கோலம் கொசுவம் வைத்தது போலச் சுருங்கி நிற்கிறது. ஒன்பது சுற்றுகள் முடிந்துவிட்டன.

பிரித்துவிட்டு 5 மி.மீ. ஊசியில் மறுபடி பின்னட்டுமா? உள்ளே ஓடும் நூலை எத்தனை கண்ணிக்கு ஒருமுறை பிணைக்கிறீர்கள்? நனைத்து விரித்து உலர்த்தினால் இவ்வளவு இறுக்கமும் தளருமா? பிரிக்கத் தயக்கமாக இருக்கிறது. முறுக்குக் குறைந்த நூல் என்பதால் இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன, வெடுக்கென்று இழுத்தால் பிய்கிறது. ஆனாலும் வேறு நூலுக்கு மாற மனமில்லை. இந்த ஆட்டு ரோமத்தின் நீண்ட வெளியிழை ஈரத்தைத் தள்ளும், மென்மையான உள்ளிழை சூட்டைப் பிடித்துவைக்கும்.

பின்னிப் பழகியவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். உள்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பவும் தயாராக இருக்கிறேன்.