கார்டு (சேர்ந்து ஒலிக்கிற நோட்டுகள்) மாறும்போது ஆல்டோ சாக்ஸபோன்ல எப்படி இம்ப்ரவைஸ் பண்றது (கற்பனையா வாசிக்கிறது)?

பாம்பன்_ஆல்டோ: தங்கச்சிமடத்துல சர்ச் பேண்டுல வாசிக்கிறேன். நோட்டேஷன் பாத்தா வாசிச்சிடுவேன், மோகனத்துல கொஞ்ச நேரம் கற்பனையா ஓட்டவும் வரும், ஆனா கீபோர்டு அண்ணன் டி மைனர் செவன், ஜி செவன், சி மேஜர் செவன்னு மாத்திட்டே போனா எதைப் பிடிக்கிறதுன்னே தெரியல. கார்டுக்கு ஒரு ஸ்கேல் மனப்பாடம் பண்ணணுமா?

மண்டபம்_கீஸ்: வேணாம் தம்பி. ஆல்டோ ஈ ஃப்ளாட் வாத்தியம், அதாவது நீங்க சி வாசிச்சா கீபோர்டோட ஈ ஃப்ளாட் கேக்கும், அதனால உங்க விரலுக்கு அது பி மைனர் செவன், ஈ செவன், ஏ மேஜர் செவன். ஒவ்வொண்ணுலயும் கார்டு பேருல இருக்கிற நோட்டுலேர்ந்து எண்ணி மூணாவது, ஏழாவது நோட்டை மட்டும் பிடிங்க. முதல்ல டி, ஏ. ஈ செவன் வந்ததும் டி அப்படியே நிக்கும், ஏ மட்டும் அரை ஸ்வரம் இறங்கி ஜி ஷார்ப் ஆகும். அடுத்து ஜி ஷார்ப் நிக்கும், டி இறங்கி சி ஷார்ப். இந்த இறக்கம் காதுல விழுந்துட்டா கார்டு மாறுறது தனியா வாசிச்சாலே கேக்கும், அப்புறம் நடுவுல நோட்டு சேத்துக்கலாம்.

கீழக்கரை_ரீட்: மோகனத்துல ஆதார ஸ்ருதி மாறாது, இங்க அடித்தளமே நகருது, அதான் தடுமாறுது. முதல்ல அந்த நோட்டுகளை வாயால பாடுங்க, மெட்ரோனோம் (தாளம் தட்டுற கருவி) நிமிஷத்துக்கு 60 தட்டுல. அப்புறம் ஜாஸ் கலைஞர் சார்லி பார்க்கரோட ஆல்டோ சோலோல நாலு பார் (தாளக் கட்டம்) மட்டும் காதால கேட்டு எடுங்க. சாக்ஸ்ல ஜி ஷார்ப் ஓட்டையை மூடுற பேட் ஈரத்துல ஒட்டிக்கும், மெல்லிசு பேப்பரை வச்சு ஒத்தி எடுத்துட்டு வாசிங்க.

பாம்பன்_ஆல்டோ: ரொம்ப நன்றிண்ணே, டி அப்படியே நிக்கிறது இப்பதான் பிடிபடுது. மைனர் கீயிலயும் இதே மாதிரிதானா?

மண்டபம்_கீஸ்: ஆமா, மூணும் ஏழும்தான். கடைசி மைனர் கார்டுல சி ஷார்ப்புக்குப் பதில் சி, அது ஏ மைனர் செவன்னா ஜி ஷார்ப்பும் ஜி ஆகும்.