சிறிய ஸ்போர்ட்ஸ் காரின் சஸ்பென்ஷன்: தாழ்த்தும் ஸ்பிரிங்கா, நல்ல ஷாக் அப்சார்பரா, காயில்ஓவரா?

கேள்வி

வணக்கம். என்னிடம் இருப்பது 1994-ஆம் ஆண்டின் மஸ்டா எம்எக்ஸ்-5, 1.8 லிட்டர் வண்டி. சஸ்பென்ஷன் பாகங்கள் பெரும்பாலும் வண்டியோடு வந்தவையே. நேர்ச்சாலையில் எந்தக் குறையும் தெரிவதில்லை. ஆனால் வளைவில் திரும்பிக்கொண்டிருக்கும்போது ஒரு மேடு குறுக்கிட்டால், பின்பக்கம் 'டக்' என்று இடித்து, வண்டியின் வால் வெளிப்புறமாகத் தள்ளிப்போகிறது. அன்றாடம் ஓட்டுகிறேன், எப்போதாவது பந்தயத் தடத்துக்கும் கொண்டுபோவேன். வண்டியை முப்பது மில்லிமீட்டர் தாழ்த்தும் ஸ்பிரிங்குகளைப் பழைய ஷாக் அப்சார்பர்களோடு (ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும் எண்ணெய்க் குழாய்கள்) போடுவதா, நல்ல ஷாக் அப்சார்பர்களை மட்டும் வாங்குவதா, ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாக, உயரத்தைத் திருத்தும் வசதியோடு வரும் முழுக் காயில்ஓவர் தொகுப்புக்கே போய்விடுவதா? வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் ஆன்டி ரோல் பாரையும் தடிமனாக்க வேண்டுமா?

மறுமொழி 1

வாங்குவதற்கு முன் மூன்றைப் பார்த்துவிடுங்கள். முதலாவது டயர்: பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு தயாரித்த வாரத்தையும், கடைசி இரண்டு ஆண்டையும் குறிக்கும். ரப்பர் இறுகிப்போன டயரை வைத்துக்கொண்டு சஸ்பென்ஷனை மதிப்பிடவே முடியாது. இரண்டாவது, ஷாக் அப்சார்பரின் உடலில் எண்ணெய்க் கசிவு. மூன்றாவது, ஷாக் அப்சார்பரின் பிஸ்டன் தண்டின் மேற்பகுதியில் இருக்கும் பம்ப் ஸ்டாப், அதாவது சஸ்பென்ஷன் முழுதும் அமுங்கும்போது இடியைத் தாங்கும் மெத்தைத் துண்டு. தண்டில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் கட்டுப்பட்டையை இறுக்கிக் கீழே தள்ளிவிட்டு, அந்த வளைவிலேயே ஓட்டிப் பாருங்கள். சஸ்பென்ஷன் எவ்வளவு அமுங்கியது என்பதைப் பட்டை ஏறி நிற்கும் இடம் காட்டிவிடும்.

கேட்டவர்

பார்த்தேன். டயர்கள் எட்டு ஆண்டுப் பழையவை. பின்பக்க இடது ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிந்து, அதன்மேல் புழுதி அப்பியிருக்கிறது. பின்புற பம்ப் ஸ்டாப்கள் இரண்டும் விரல் பட்டவுடன் பொடிப்பொடியாக உதிர்ந்தன. பட்டையோ தண்டின் உச்சிவரை ஏறிவிட்டது.

மறுமொழி 2

எனில் காரணம் தெளிவாகிவிட்டது. இந்த வண்டியில் சஸ்பென்ஷன் அமுங்குவதற்கான இடம் இயல்பிலேயே குறைவு. அதனால் பம்ப் ஸ்டாப் விபத்துக்காக வைத்த தடுப்பாக மட்டும் இராமல், படிப்படியாக இறுகும் இரண்டாவது ஸ்பிரிங்காகவே வேலை செய்கிறது. அது உதிர்ந்துவிட்டதால், வளைவில் ஏற்கெனவே சுமை ஏறியிருக்கும் வெளிப்பக்கப் பின்சக்கரம் மேட்டில் ஏறும்போது நேராக இரும்போடு மோதுகிறது. அந்த நொடியில் பின்பக்கத்தின் விறைப்பு பல மடங்காகி, டயர் பிடி விடுகிறது. இருக்கிற சொற்ப இடத்திலிருந்தும் முப்பது மில்லிமீட்டரைப் பிடுங்கிக்கொள்ளும் முதல் வழியை அடியோடு விட்டுவிடுங்கள் என்று அழுத்திச் சொல்வேன்.

ஸ்பிரிங்கின் விறைப்பை ஒரு கணக்கோடு பாருங்கள். சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் கையில் (ஆர்ம்) ஸ்பிரிங் சக்கரத்துக்கு உட்புறமாகத் தள்ளி அமர்ந்திருப்பதால், சக்கரம் நகரும் தூரத்தைவிட ஸ்பிரிங் அமுங்கும் தூரம் குறைவு. அந்த விகிதம் 0.7 என்று கொண்டால், சக்கரத்தில் உணரப்படும் விறைப்பு அதன் இருமடிப்படி, அதாவது ஏறத்தாழ பாதிதான். மில்லிமீட்டருக்கு 40 நியூட்டன் ஸ்பிரிங் சக்கரத்தில் சுமார் 20 நியூட்டன் ஆகும்; ஒரு மூலையில், அதாவது ஒரு சக்கரத்தின் மேல், 220 கிலோ சுமை இருந்தால் வண்டி மேலும் கீழும் ஆடும் அதிர்வெண் 1.5 ஹெர்ட்ஸ் (நொடிக்கு ஒன்றரை முறை). அன்றாடம் ஓட்டும் ஸ்போர்ட்ஸ் காருக்கு இது போதும். 80 நியூட்டன் ஸ்பிரிங் போட்டால் 2.1 ஹெர்ட்ஸைத் தாண்டும். வழவழப்பான தடத்தில் அது நன்றாக இருக்கும், கரடுமுரடான சாலையிலோ சக்கரம் தரையைத் தொடுவதும் விடுவதுமாகத் துள்ளும்.

மறுமொழி 3

தடத்துக்கும் போகிறவர் காயில்ஓவரைத் தவிர்க்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. உயரத்தைத் திருத்தலாம், ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்த நிலையில் நான்கு மூலைகளின் எடையையும் சமன்செய்துகொள்ளலாம்.

மறுமொழி 2

தரமான காயில்ஓவர் என்றால் மறுப்பில்லை. ஆனால் ஸ்பிரிங்கின் விறைப்பை இரட்டித்தால், துள்ளலை அதே அளவுக்கு அடக்க ஷாக் அப்சார்பரின் தடையும் சுமார் 1.4 மடங்காக வேண்டும். மலிவான தொகுப்புகள் கடினமான ஸ்பிரிங்கைத் தந்துவிட்டு, அதற்கு ஈடுகொடுக்காத ஷாக் அப்சார்பரை உடன் வைக்கின்றன. தடையைக் கூட்டிக் குறைக்கப் பல கிளிக் திருகிகள் இருந்தாலும் அந்தக் குறை தீராது. அதே செலவில் பில்ஸ்டீன் பி6 அல்லது கோனி ஸ்போர்ட் போன்றவற்றை அசல் உயரத்திலேயே புதிய பம்ப் ஸ்டாப்களோடு பொருத்தினால், வண்டி சாலையோடு ஒட்டி நிற்கும். கோனி ஸ்போர்ட்டில் ஸ்பிரிங் மீண்டு நீளும்போது கிடைக்கும் தடையைத்தான் திருத்த முடியும் என்பதை நினைவில் வையுங்கள். ஆன்டி ரோல் பாரை இப்போது தொடாதீர்கள். முன்பக்கத்தில் தடிமனாக்கினால் வண்டி வளைவில் நேராகப் போகப் பார்க்கும், பின்பக்கத்தில் தடிமனாக்கினால் உங்கள் வால் இன்னும் எளிதாகத் தள்ளும்.

கேட்டவர்

தெளிவாகப் புரிந்தது, நன்றி. டயர், ஷாக் அப்சார்பர், பம்ப் ஸ்டாப், சஸ்பென்ஷன் இணைப்புகளில் வெடித்திருக்கும் ரப்பர் புஷ்கள் (உறைகள்) ஆகியவற்றை மாற்றிவிடுகிறேன். பொருத்தும்போது கவனிக்க வேண்டியது ஏதேனும் உண்டா?

மறுமொழி 1

ரப்பர் புஷ்களின் போல்ட்டுகளை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கிவிடாதீர்கள். சக்கரங்கள் எடையைத் தாங்கி, வண்டி தன் இயல்பான உயரத்தில் நிற்கும்போதே கடைசி இறுக்கு இறுக்க வேண்டும்; இல்லையெனில் ரப்பர் எப்போதும் முறுகிய நிலையிலேயே இருந்து விரைவில் கிழியும். சக்கரக் கோணங்களைச் சரிசெய்யும் அலைன்மென்ட்டில் கேம்பரை (சக்கரத்தின் மேற்பகுதி உள்ளேயோ வெளியேயோ சாயும் கோணம்; மைனஸ் என்றால் உள்ளே) முன்னே மைனஸ் 1, பின்னே மைனஸ் 1.5 டிகிரி அளவிலும், டோவை (சக்கரத்தின் முன்விளிம்பு உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) முன்னே பூஜ்யத்திலும், பின்னே சிறிதளவு உள்நோக்கியும் வைத்துத் தொடங்குங்கள். அலைன்மென்ட் போல்ட்டுகள் துருப்பிடித்து இறுகியிருக்கக்கூடும் என்பதால், முந்தின நாளே அவற்றில் துரு இளக்கும் எண்ணெயை ஊறவிடுங்கள்.